கணக்கில் வராத குளிர்

மே மாதத்து தில்லியில் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில், நட்டநடுப் பகலில், மெல்லிய துப்பட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினால் அது எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று பெரியண்ணனுக்குத் தெரியாது. மத்திய அரசில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், விதிகளைக் கரைத்துக் குடித்தவர், அவருக்கே தெரியவில்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார் அல்லர். மின்சார மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. காலனியின் மற்ற மீட்டர்களெல்லாம் பேய் பிடித்தாற்போல ஓடிக்கொண்டிருக்க, அவர் வீட்டு மீட்டர் மட்டும் ஓய்வூதியக்காரர் பூங்காவில் நடப்பது போல ஆற அமர நடந்துகொண்டிருந்தது.

பெரியண்ணனுக்குப் பூர்வீகம் நாமக்கல் பக்கம். வேலை பார்த்த காலம் முழுவதும் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், மேல்மாடியில் இருந்தார். தலைக்கு மேல் வெறும் காங்கிரீட். ஜூன் மாதத்தில் சாமம் ஆனாலும் அது தோசைக்கல்லாகக் காயும். அந்த வெயிலில் நடந்தே அலுவலகம் போனார், நடந்தே திரும்பினார், ஒருவர் கையிலும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் ஓய்வு பெற்றார். துவாரகாவுக்கு அப்பால் ஒரு மனை வாங்கி வீடு கட்டியபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை, வெயில் இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்பது.

உறவினர்கள் மார்பிள் போடச் சொன்னார்கள், வாசலில் இரண்டு தூண் வைக்கச் சொன்னார்கள். அவர் அந்தப் பணத்தையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டினார். கூரையின் மேல் ஒரு சாண் கனத்துக்குக் கெட்டியான நுரைப் பலகை, அதன் மேல் சிமெண்டு, அதன் மேல் வெள்ளைவெளேரென்று ஓட்டுச்சில்லு. மேற்கே இரட்டைச் சுவர், நடுவில் காற்று நிற்கும் இடைவெளி. சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, அதற்கும் வெளியே மூங்கில் தட்டி. தட்டியை உள்ளே மாட்டினால் வெயில் விருந்தாளியாக உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வது போல என்பது அவர் கட்சி.

அந்த வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கும் இருந்தது. பொழுது விடிந்து வெளிக்காற்று சுடத் தொடங்குவதற்குள் அத்தனை சன்னலும் சாத்தப்படும். சமையல் அதற்குள் முடிந்துவிடும். பிறகு பொழுது சாய்ந்து வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிரும் வரை, காரணம் சொல்லாமல் யாரும் கதவைத் திறக்க முடியாது. அவர் மனைவி சாந்தகுமாரி, "நம்ம ஊட்டுக்குள்ள போறதுக்கு என்னைக்குப் பாஸ் குடுப்பீங்க?" என்று கேட்பாள். ஆனால் பகலில் துப்பட்டியை முதலில் தேடுகிறவளும் அவள்தான்.

இப்படியிருக்கையில்தான் தலைநகர் குளிர்ச்சி ஒழுங்காணையத்துக்கு அந்த வீட்டின் மேல் கண் விழுந்தது.

அந்த ஆணையம் மக்களை வெயிலிலிருந்து காப்பாற்ற ஒரு கோடையில் அவசரமாகத் தொடங்கப்பட்டது. மக்களைக் காப்பாற்றுகிறவர்களை முதலில் காப்பாற்ற வேண்டியிருந்ததால், லோதி ரோட்டில் மேற்குப் பார்த்து, முழுக்கக் கண்ணாடியாலான ஒரு கட்டிடம் எழும்பியது. அந்தக் கட்டிடத்தைக் குளிர வைப்பதிலேயே அடுத்த சில கோடைகள் கழிந்தன. அதற்கப்புறம் ஒருநாள் யாருக்கோ மக்களின் ஞாபகம் வந்தது. எந்த வீட்டில் எவ்வளவு குளிர் இருக்கிறது, அது எந்த இயந்திரத்திலிருந்து வந்தது, அந்த இயந்திரத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கணக்கெடுக்கக் கிளம்பினார்கள்.

பெரியண்ணன் வீட்டுக்கு வந்தவன் ஜெகன் என்ற ஆய்வாளர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாந்தகுமாரி கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, "ஜல்தி உள்ள வாங்க, அனல் அடிக்குது" என்று அவனை இழுக்காத குறையாக உள்ளே விட்டுச் சாத்தினாள்.

உள்ளே வந்தவன் முகத்தைத் துடைத்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகுதான் தான் அரசாங்கம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

"அங்கிள், நானும் தமிழ்தான். ஆர்.கே.புரத்துல பொறந்தேன். தமிழ் பேசுவேன், படிக்க வராது. ஏசி எங்கே இருக்கு?"

"ஏசி இல்லீங்க தம்பி."

"கூலர்?"

"அதும் இல்லீங்க. பேன்தான்."

"சச் மே, நிஜமாவா?" என்றவன் கட்டிலுக்கடியில் குனிந்தான். பரணில் ஏறினான். சாமி அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். பிரிட்ஜைத் திறந்து, "இதை ராத்திரி பூரா திறந்து வைப்பீங்களா?" என்று கேட்டான். கடைசியாக அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கினான்.

"அரிசிக்குள்ள ஏசி வெச்சிருக்கோம்னு நெனச்சியா கண்ணு?" என்றாள் சாந்தகுமாரி. "கையை உட்டு நல்லாத் தொழாவிப் பாரு. கெடச்சா எனக்கும் ஒண்ணு குடு."

ஜெகன் சட்டைப்பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் கூடத்தின் நடுவில் பிடித்தான். வெளியே நாற்பத்தைந்து, உள்ளே இருபத்தொன்பது.

"பதினாறு டிகிரி. இதுக்கு பில் இருக்கா அங்கிள்?"

"எதுக்குங்க பில்லு?"

"பதினாறு டிகிரிக்கு."

பெரியண்ணன் பொறுமையாகக் கூரையைக் காட்டினார், சுவரைக் காட்டினார், தட்டியைக் காட்டினார். "வெயிலை உள்ள உடலீங்க. அவ்வளவுதானுங்க."

"அதெல்லாம் டீக் ஹை அங்கிள். குளிர் எங்கேர்ந்து வந்தது?"

"குளிர் எங்கிருந்தும் வரலீங்க. சூடுதான் வரலை."

ஜெகன் தன் செல்போனில் மேலும் கீழும் தேடினான். "என் ஆப்ல அந்த ஆப்ஷன் இல்லையே" என்றான் உண்மையான வருத்தத்துடன். எலுமிச்சை ஜூஸ் குடித்தான். ஆய்வு பொழுது சாயும் வரை நீண்டது. அதில் பெரும்பகுதியை அவன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபடி நடத்தினான்.

அடுத்த வாரம் வாசற்கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்பட்டது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்து: இந்த வீட்டில் கணக்கில் வராத குளிர் உள்ளது. உரிமையாளர் விசாரணையில் இருக்கிறார். கூடவே நோட்டீஸ். குற்றத்தின் பெயர், மின்சாரப் பயன்பாட்டுக்கு மீறிய குளிர்ச்சி.

பெரியண்ணனுக்கு முகம் கறுத்தது. வருமானத்துக்கு மீறிய சொத்து என்று அவர் காலத்தில் எத்தனையோ பேர் மாட்டினார்கள். பக்கத்து மேசைக்காரன் மாட்டினான். மேலே இருந்தவன் மாட்டினான். அந்தச் சேற்றில் நடந்தும் தன் வேட்டியில் ஒரு துளி படாமல் கரையேறியவர் அவர். இப்போது, காய்கறி வண்டிக்காரன் அவர் வாசலில் நின்று, "இங்கே குளிர் கிடைக்குமாமே, சாப்? கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான்.

விசாரணைக்கு லோதி ரோடு போனார். ஆணையத்தின் கட்டிடத்தில் கண்ணாடி ஓரம் உட்கார்ந்தவர்கள் வெயில் தாங்காமல் குடை விரித்து வைத்துக் கோப்பு பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்தவர்கள் ஏசி தாங்காமல் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டிருந்தார்கள். இரு சாராருக்கும் நடுவே ஒரு பெஞ்சு அளவுக்கு நல்ல காற்று இருந்தது. அந்த இடம் துணை இயக்குநர் சுந்தரேஷுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

"வாங்கோ சார், உக்காருங்கோ. இதுல பர்சனலா ஒண்ணுமே கிடையாது" என்று சுந்தரேஷ் இனிமையாக ஆரம்பித்தார். "உங்களுக்கு வலது பக்கத்து வீடு முப்பத்தொம்பது டிகிரி. இடது பக்கத்து வீடும் முப்பத்தொம்பது. நடுவில நீங்க மட்டும் இருபத்தொம்பது. அவாளோட குளிர் எங்க போச்சுன்னு ஆணையம் கேக்கறது, தப்பா?"

"அவுங்க கூரை வெறும் காங்கிரீட்டுங்க. அதான் காயுது."

"கூரையைப் பத்தி ஆணையத்துக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. எங்களுக்கு அதிகாரம் இயந்திரத்து மேலதான்."

"நான் வெயிலைத் தடுத்தனுங்க."

சுந்தரேஷ் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். "அங்கதான் விஷயமே. வெயில் எல்லார் தலையிலயும் சமமா விழறது. அதுல உங்க பங்கை நீங்க வாங்கிக்கலை. சரி, அந்தப் பங்கு யார் தலையில விழுந்துதுன்னு யோசிச்சேளா?"

பெரியண்ணன் யோசித்துப் பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு தீவிரமாக ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கோ" என்றார் சுந்தரேஷ். "சுலபமா முடிச்சுடலாம். ‘அறியாமையால் குளிர்ந்துவிட்டேன், இனி அவ்வாறு குளிர மாட்டேன்’னு ஒரு வரி. கீழே கையெழுத்து. அப்புறம் ஒரு ஏசி வாங்கி மாட்டிடுங்கோ. ஓட்டணும்கற அவசியமே இல்லை. என் மச்சினர் ஆத்துல ரெண்டு மாட்டியிருக்கார். பில்லுக்குப் பயந்து ஓட்டறதில்லை. உள்ள போனா வெந்துடுவேள். ஆனா சட்டப்படி அது குளிர்ச்சியான வீடு. சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டியிருக்கார்."

"நான் தப்புப் பண்ணலீங்களே."

"தப்புப் பண்ணினவா இங்க வரவே மாட்டா சார். அவாளுக்கெல்லாம் பேப்பர் சரியா இருக்கும்."

கையெழுத்துப் போடாமல் பெரியண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் சாந்தகுமாரிக்கு வேறு கவலை. அவர்கள் மகள் மதுமதிக்கு இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை நொய்டாவில் வேலை. பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா லட்சுமணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தத்தோடு வந்து, உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்வதாக ஏற்பாடு. மஞ்சள் மண்டிக்காரர். வார்த்தைக்கு வார்த்தை கௌரவம் பார்க்கிற மனிதர் என்று பெயர்.

"ஏனுங்க, ஒரு கையெழுத்துத்தானுங்க" என்றாள் சாந்தகுமாரி. "போட்டுத் தொலைச்சாத்தான் என்ன? கதவுல செவசெவன்னு ஒட்டிக் கெடக்குது. பெருந்துறைக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"படிச்சுப் பாத்து நெனச்சுக்கட்டும்."

"அது இந்தியிலயும் இங்கிலீசுலயும் இருக்குது. அவுங்களுக்குத் தெரியாது."

"நான் படிச்சுச் சொல்றேன்."

மதுமதி இடையில் புகுந்தாள். "அப்பா, ஸ்டிக்கர் மேல ஒரு முருகன் காலண்டர் மாட்டிடலாம். பாத் கதம், அதோட முடிஞ்சுது."

"களவை மறைக்கறதுக்குத்தான் கண்ணு சாமி படம் மாட்டுவாங்க. நம்மகிட்ட களவே இல்லையே, எதை மறைக்கறது?"

"ஆனா அவுங்க இதைப் பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்கன்னா?" மதுமதி இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனாலும் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் மகளைப் பார்த்தார். "என்ற கையெழுத்துல பேருக்கு முன்னால இருக்கற எழுத்து என்னோடதில்லை, என்ற அப்பனோடது. அதுக்கு முன்னால இருக்கறது அவுங்கப்பனோடது. நான் திருடன்னு எழுதிக் குடுத்தா அவுங்க ரெண்டு பேரையும் சேத்தித்தான் எழுதிக் குடுக்கோணும். எனக்கு அந்த உரிமை இல்லை கண்ணு. அப்படி எழுதிக் குடுத்த ஊட்டுலயிருந்து உன்னை அனுப்பவும் எனக்கு மனசில்லை."

சாந்தகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசின.

கையெழுத்து வராததால் ஆணையம் அடுத்த விதியைப் பிரித்தது. அதற்குப் பெயர் தொடர் கண்காணிப்பு. குற்றவாளி எந்த நேரத்தில் குளிரை உள்ளே கொண்டுவருகிறான் என்று கண்டுபிடிக்க, ஜெகனும் இன்னொருவனும் காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாள் அவர்கள் ஒழுங்காகக் கண்காணிக்கிறார்களா என்று கண்காணிக்க ஓர் அதிகாரி வந்தார். அதற்கும் மறுநாள் லோதி ரோட்டுக் கட்டிடத்தில் சுமை தாங்காமல் ஏசி மொத்தமும் நின்றுபோனது. கண்ணாடிப் பெட்டி அடுப்பானது. அன்று மதியத்துக்குள், ஆணையத்தின் ஒரு பிரிவு முழுவதற்கும் பெரியண்ணன் வழக்கின் முக்கியத்துவம் சட்டென்று புரிந்துபோயிற்று. சுந்தரேஷே மேற்பார்வைக்கு வந்தார். மேசை வந்தது. பிரிண்டர் வந்தது. தண்ணீர் சுட வைக்க ஒரு மின்கெட்டில் வந்தது.

வந்தவர்கள் போன் பேச வெளியே போவார்கள். போகும்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள். "சாத்துங்க, சாத்துங்க" என்று சாந்தகுமாரி பின்னாலேயே ஓடுவாள். டஜன் கணக்கில் மனித உடம்பும், நாளெல்லாம் கொதிக்கிற கெட்டிலும், ஓயாமல் ஓடுகிற பிரிண்டருமாகச் சேர்ந்து வீட்டை முப்பத்துமூன்றுக்கு ஏற்றிவிட்டன. ஜெகன் அளந்தான். சுந்தரேஷ் உடனே அறிக்கை எழுதினார்: குற்றம் சாட்டப்பட்டவர் குளிரை இரகசியமாக அப்புறப்படுத்தி வருகிறார். சாட்சியத்தை அழித்தல் என்று இன்னொரு பிரிவும் சேர்ந்துகொண்டது.

"ஏனுங்க சார், நீங்க இத்தனை பேரு உக்காந்திருக்கீங்க. ஆளுக்கொரு அடுப்பாட்டம் சூடு வராதுங்களா?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"கடமையில இருக்கற அதிகாரிகள் சூடு உண்டாக்கினதா ஆணையத்தோட எந்த ரெக்கார்டுலயும் கிடையாது சார்" என்றார் சுந்தரேஷ், பனியனை உதறிக் காற்று விட்டுக்கொண்டு.

"சரி. ஞாயித்துக்கெழமையாவது ஊட்டை விடுங்க. என்ற மகளுக்கு விசேஷம்."

"அடடா, ஞாயித்துக்கிழமைதான் இறுதி விசாரணை! தலைமை ஆணையரே இங்க எழுந்தருளறார். அவர் பங்களாவுல மூணு நாளா கரண்ட் இல்லை. உங்களுக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!"

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளைக்குச் சற்று முன்னால் பெருந்துறைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் துண்டு. பின்னால் பெண்கள் கையில் உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டுகள். லட்சுமணன் வாசலில் நின்று சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"என்னமோ ஒட்டியிருக்குதுங்களே?"

பெரியண்ணன் எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "‘இந்த வீட்டில் கணக்கில் வராத குளிர் உள்ளது. உரிமையாளர் விசாரணையில் இருக்கிறார்’னு போட்டிருக்குதுங்க. அந்த உரிமையாளர் நாந்தானுங்க. திருட்டுக் கேஸு. நான் திருடலை. ஒத்துக்கச் சொல்றாங்க, ஒத்துக்க மாட்டேன்னுட்டேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள வரதுன்னா வாங்க."

லட்சுமணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார்.

உள்ளே சோபா, நாற்காலி, திவான் எல்லாவற்றிலும் அரசாங்கம் உட்கார்ந்திருந்தது. நடுநாயகமாகத் தலைமை ஆணையர் பட்நாகர். பெண் பார்த்து உறுதி செய்ய வந்தவர்கள் சுவரோரம் பாயில் உட்கார வேண்டியதாயிற்று. லட்சுமணன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பட்நாகர் இந்தியில் உரையாற்றினார்.

"இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் நெஞ்சு கலங்கியது. இவ்வளவு குளிர், ஒரு தனிமனிதனிடம்! மக்களுக்காக உழைக்கும் அதிகாரிகள் வெந்துகொண்டிருக்கும்போது, ஓய்வு பெற்ற ஒருவர் துப்பட்டி போர்த்தித் தூங்குகிறார். யார் கொடுத்த குளிர் இது? யாரும் கொடுக்கவில்லை என்கிறார். அதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. யாரும் கொடுக்காமலே ஒவ்வொருவனும் குளிர்ந்துகொண்டால், கொடுப்பதற்கென்று இருக்கிற நாங்கள் எதற்கு?"

அதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு உத்தரவின் சாரத்தை சுந்தரேஷ் தமிழில் சொன்னார். இந்த வீட்டிலுள்ள குளிர் முழுவதும் பறிமுதல் செய்யப்படுகிறது. மழைக்காலம் தொடங்கும் வரை, காலை முதல் மாலை வரை, அது ஆணையத்தின் பயன்பாட்டில் இருக்கும். ஆணையத்தின் கோடைக்கால அலுவலகம் இங்கேயே நடக்கும். உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் சிவப்பு ஸ்டிக்கர் எடுக்கப்பட்டு, ‘மதிப்புக்குரிய ஒத்துழைப்பாளர்’ என்ற பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்படும்.

"வந்திருக்கற பெரியவா முன்னாடி பச்சையா ஒட்டிடலாம் சார். உங்க மானம் நிக்கும்" என்று சுந்தரேஷ் பேனாவை நீட்டினார்.

சாந்தகுமாரி அடுக்களை வாசலிலிருந்து, போடுங்க போடுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பெரியண்ணன் பேனாவை வாங்கவில்லை.

"ஒரு சந்தேகமுங்க. பறிமுதல் பண்ணுனது எதை? குளிரையா, ஊட்டையா?"

"சேச்சே, குளிரை மட்டும்தான். வீடு உங்களோடது. ஆணையம் தனியார் சொத்துல கை வைக்காது."

"அப்ப குளிரு உங்குளுது."

"சட்டப்படி, ஆமாம்."

"உங்க பொருளு என்ற ஊட்டுல எதுக்குங்க? எடுத்துட்டுப் போங்க."

எழுந்து போய் வாசற்கதவை விரியத் திறந்தார். கிழக்குச் சன்னலைத் திறந்தார். தட்டியைச் சுருட்டிக் கட்டினார். தெற்குச் சன்னலைத் திறந்தார். உச்சிவெயிலில் லூ என்கிற அந்த அனல்காற்று, இத்தனை வருஷமாகத் தன்னை வாசலிலேயே நிறுத்திவைத்த வீடு இது என்று தெரிந்தாற்போல, ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது. உத்தரவின் பக்கங்கள் பறந்தன. "அங்கிள், லூ! லூ!" என்று ஜெகன் அலறினான்.

மேற்குச் சன்னல் கெட்டியாக இறுகிக் கிடந்தது. பெரியண்ணன் இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போது லட்சுமணன் மடியிலிருந்த தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மஞ்சள் மூட்டை தூக்கிப் பழகிய தோளால் சன்னலை ஒரு நெம்பு நெம்பினார். திறந்துகொண்டது. "இந்தாங்க. இன்னும் எதாச்சும் இருக்குதுங்களா?"

"குளியலறையில சின்னதா ஒண்ணு இருக்குது, மாமா" என்றாள் மதுமதி கதவருகிலிருந்து. அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் போய் அதையும் திறந்துவிட்டு வந்தார்.

அதிகாரிகள் அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் ஆணையத்தில் அதற்கும் ஒரு முறை இருந்தது. மேலதிகாரி எழுவதற்கு முன் கீழதிகாரி எழக்கூடாது. உத்தரவின் சாரத்தைச் சொல்லிவிட்டால், அதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் முழுவதும் படித்து முடிக்கும் வரை தலைமை ஆணையரும் எழக்கூடாது. ஆகவே தலைநகர் குளிர்ச்சி ஒழுங்காணையம் மொத்தமும் வரிசைக்கிரமமாக உட்கார்ந்த இடத்திலேயே வெந்தது. பட்நாகர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிய வியர்வை மையைக் கரைத்தது. மூன்றாவது பக்கம் பறந்துபோய் அடுக்களையில் விழுந்திருந்தது. அதை எடுக்க எழுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. சாந்தகுமாரி அதைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

"சார்," என்றான் ஜெகன் ஈனமாக. "பறிமுதலுக்கு முன்னாடி ஒரு தடவை அளக்கணும்னு ரூல் இருக்கு."

"அளந்து தொலை!"

ஜெகன் கருவியை நீட்டினான். "உள்ளே நாற்பத்துமூணு சார். குளிர் இல்லை."

"குளிர் இல்லையா?" பட்நாகர் நிமிர்ந்தார். அந்தக் கணத்தில் அவர் கண்ணில் தெரிந்தது நீதியல்ல, விடுதலை. "குளிர் இல்லாத வீட்டில் வழக்கு எப்படி இருக்கும்? இந்த வழக்கு முடிக்கப்பட்டது!" இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் சுந்தரேஷ் எழுந்தார். பிறகு பதவி வரிசைப்படி எல்லோரும் எழுந்து வாசலை நோக்கி நெருக்கினார்கள்.

பெரியண்ணன் கதவில் கைவைத்து வழியை மறித்தார்.

"ஒட்டுனதை எடுத்துட்டுப் போங்க."

"அப்புறம் ஆள் அனுப்பறேன் சார்" என்றார் சுந்தரேஷ்.

"ஆளு எதுக்குங்க? நீங்களே இருக்கீங்களே. நகத்தால சொரண்டுங்க. எல்லாரும் பாக்கத்தான் ஒட்டுனீங்க, எல்லாரும் பாக்கவே எடுங்க."

பின்னால் தலைமை ஆணையர் உருகிக்கொண்டிருந்தார். துணை இயக்குநர் சுந்தரேஷ் குனிந்து, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், தெரு முழுவதும் எட்டிப் பார்க்க, கடைசிச் சிவப்புத் துணுக்கு வரை சுரண்டி எடுத்தார். பிறகு அவர்கள் வண்டியில் ஏறினார்கள். டிரைவர் சாவியைத் திருகினான். வண்டி முனகியது, கிளம்பவில்லை. மறுபடியும் திருகினான்.

வீட்டுக்குள் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆனாலும் எல்லோரும் பாயிலேயே வட்டமாக உட்கார்ந்தார்கள். வியர்வை கழுத்தில் ஓடியது. சாந்தகுமாரி தன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். லட்சுமணன் தன் தட்டை அதன் பக்கத்தில் வைத்தார். மடிப்புக் கலையாத அவர் சட்டை பிழிந்தெடுத்தாற்போல நனைந்திருந்தது.

"எத்தனையோ ஊட்டுக்கு உப்புச் சர்க்கரைக்குப் போயிருக்கேனுங்க" என்றார் அவர். "பொண்ணு ஊட்டுல இத்தனை வேர்த்தது இன்னைக்குத்தான். மாத்திக்கலாங்களா சம்பந்தி?"

மாற்றிக்கொண்டார்கள்.

"ஏனுங்க," என்றாள் சாந்தகுமாரி, முந்தானையால் விசிறியபடி. "இனியாவது சன்னலைச் சாத்தட்டுங்களா? வந்தவங்க வெந்து போறாங்க."

பெரியண்ணன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, திறந்த கதவு வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையத்தின் வண்டி அப்போதுதான் ஒருவழியாக உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"இரு சாந்தா. அந்த வண்டி தெருமுனையைத் தாண்டட்டும்."